தொன் லிபோரியோவின் அளவு

காலை ஐந்தே முக்கால் மணிக்குக் குளியலறைச் சன்னல் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் ஜாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் கோட்டைப் பார்க்கிறார் லிபோரியோ அத்தென்சியோ. ஜாடியைத் தாழப் பிடித்தால் கூடுதலாகவும் உயரப் பிடித்தால் குறைவாகவும் தெரியும் என்பது அவர் கட்சி. ஆகையால் மூக்கு நுனிக்கு நேராக, மூச்சை அடக்கிக்கொண்டு பிடிப்பார். "நூத்தி அறுபது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஜாடியைக் கவிழ்த்துக் கழுவி, சோப்புப் போட்டுக் கையை இரண்டு முறை அலம்பி, காதில் செருகிய பென்சில் துண்டோடு முன்னறைக்கு வருவார். அங்கே சுவரில் இரும்புக்கடைக்காரர் கொடுத்த காலண்டர். முந்தின நாள் காலையிலிருந்து எழுதிவைத்த எண்களை உதடு அசையக் கூட்டி, கோடு இழுத்து மொத்தம் போட்ட பிறகுதான் தெருக்கதவைத் திறப்பார்.

கதவு திறக்கும்போது எதிர்ச்சாரியில் குறைந்தது மூன்று பேராவது காப்பிக் கோப்பையும் கையுமாக நிற்பார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரே வானிலை அறிக்கை வாசிக்கிறவரைப் போல நிதானமாக அறிவிப்பார்.

"எண்ணூத்திப் பத்து."

நின்றவர்கள் தலையசைத்துவிட்டுக் கலைவார்கள்.

மகாங்கே ஊரில், ஆற்றுத்துறையிலிருந்து மூன்றாவது தெருவில், வீட்டு முன்னறையிலேயே மின்விசிறி பழுதுபார்க்கிறார் லிபோரியோ. வயது அறுபத்தொன்று, மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தொன்' போட்டுத்தான் ஊரார் கூப்பிடுவார்கள். விசிறி நின்றால் தூக்கம் போகும், தூக்கம் போனால் குடும்பத்தில் சண்டை வரும் என்கிற ஊர் அது. அதனால் அவர் வேலைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. விசிறியைப் பிரிக்கும் முன் கையால் இறக்கையைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். "புஷ் தேஞ்சிருக்கு," என்பார். அல்லது, "காயில் கம்பி கருகிருக்கு. வந்திருக்கிற மாமியாருக்காக ராத்திரி பூரா நிறுத்தாம ஓட்டுனீங்களா?" பழுது தீர்ந்த விசிறியை உடனே கொடுத்துவிட மாட்டார். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார். ஓட்டிப் பார்க்கும் விசிறி எப்போதும் அவர் முகத்தைப் பார்த்தே இருக்கும். மனிதர் சொந்தமாக ஒரு விசிறி வாங்கியதை எவரும் பார்த்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு பர்ரான்கீயா நகரத்து மருத்துவர்கள் அவருடைய பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டார்கள். இருபது வருடமாக அது புண்ணாகி, ரத்தம் கசிந்து, அவரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. இப்போது சிறுகுடலின் நுனி வயிற்றின் வலப்பக்கம் சின்னத் தக்காளித் துண்டு போல வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டது எல்லாம் நான்கைந்து மணி நேரத்தில் கஞ்சி போல அதில் வந்து சேரும். தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது பெருங்குடலின் வேலை. அந்த வேலைக்கு இப்போது அவரிடம் ஆள் இல்லை. அதனால்தான் ஜாடி, பென்சில், காலண்டர். ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிக்குள் நின்றால் நிம்மதி. ஆயிரத்து இருநூறைத் தாண்டினால் உடனே போன் செய்ய வேண்டும். ஆயிரத்து ஐநூறு என்றால் போன்கூட வேண்டாம், நேரே கிளம்பி வர வேண்டும். ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கினாலும் அப்படியே. சுகாதார நிலையத்து நர்ஸ் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மனைவி நூரிஸ் அந்தத் தாளைப் புனித மார்த்தா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

முதல் எட்டு மாதம் இது யாருக்கும் தெரியாது. குடலிறக்க ஆபரேஷன் என்று தெருவுக்குச் சொல்லியிருந்தார். பை தெரியக் கூடாதென்று அந்த வெயிலில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலண்டரில் இருக்கும் எண்கள் என்னவென்று கேட்டவர்களுக்கு, வோல்டேஜ் என்று பதில் சொன்னார். அந்த ஊரில் எண்ணைக் கண்டால் விடமாட்டார்கள். கவிழ்ந்த லாரியின் நம்பர், செத்துப்போனவரின் வயது, கனவில் வந்த வீட்டுக் கதவெண், எதுவாக இருந்தாலும் அன்றைய லாட்டரியில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு விதவை கிளியோத்தில்தே ஒரு நாள் விசிறிக்காகக் காத்திருந்தபோது காலண்டரில் கடைசியாக இருந்த எழுநூற்று நாற்பதைப் பார்த்து வைத்துக்கொண்டாள். மறுநாள் அது விழுந்தது. அடுத்த நாள் காலையில் உயிருள்ள கோழி ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அது என்ன நம்பர்னு நிஜத்தைச் சொல்லுங்க, தொன் லிபோ. எந்தப் புனிதருக்கு நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியணும்ல."

லிபோரியோவுக்குப் பொய் அலுத்துப்போயிருந்தது. வியர்வையும் தாங்க முடியவில்லை. இரண்டு சட்டையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். கிளியோத்தில்தே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் எழுதுவீங்களா?"

அன்றிலிருந்து அவர் ஒரே சட்டைதான் போடுகிறார்.

லாட்டரிச் சீட்டு விற்கும் யதீரா கழுத்தில் சின்ன மெஷினை மாட்டிக்கொண்டு ஆறரைக்கெல்லாம் தெருமுனைக்கு வந்துவிடுவாள். "அளவு என்ன?" என்பதுதான் அவளுடைய காலை வணக்கம். மெஷின் கீச்சிட்டுக்கொண்டே சீட்டைத் துப்பும். அளவு அதன் பிறகு எத்தனை முறை விழுந்தது என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கிளியோத்தில்தேயின் கோழியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நூரிஸுக்கு மட்டும் இது பிடிக்காது. சன்னலில் நின்று, "சாக்கடையில லாட்டரி விளையாடற ஜனங்க," என்று தெரு கேட்கும்படி திட்டுவாள். திட்டிவிட்டு உள்ளே போய், வாழைக்காய் வேகவைப்பாள்.

குடல் நுனிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மேயர். யாரும் கேட்காதபோது பேசுவார், எல்லோரும் மௌனமாக இருக்கும் இடமாகப் பார்த்துப் பேசுவார், என்ன பேசினார் என்று ஒருவருக்கும் புரியாது. அதனால் அந்தப் பெயர். ஞாயிறு பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் அந்த அமைதியில்தான் மேயருக்குப் பேச்சு வரும், டர்ரென்று காற்றாக. லிபோரியோ தொப்பியால் வயிற்றை அமுக்கிக்கொண்டு, முன்வரிசைப் பெண்ணைக் கண்டிப்பது போலப் பார்ப்பார். ஊரில் அந்தத் தந்திரம் தெரியாதவர் இப்போது யாருமில்லை. முன்வரிசைப் பெண்களே திரும்பிப் பார்த்து, "மேயருக்கு வணக்கம்," என்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் வீட்டில் சட்டம் நூரிஸுடையது. வெள்ளைச் சோறு, மசித்த வாழைக்காய், நார் உருவிய மரவள்ளிக்கிழங்கு, முள் எடுத்த ஆற்று மீன். உப்பு தாராளம். தேங்காய், அன்னாசி, வேர்க்கடலை, தோலோடு இருக்கும் மொச்சை எல்லாம் வாசலுக்கு வெளியே. மக்காச்சோளம் உள்ளே வந்தால் நூரிஸ் வெளியே போய்விடுவாள். ஒரு முறை கொதிக்கிற சாங்கோச்சோ சூப்பிலிருந்து ஒரு சோளத் துண்டை எடுத்து, சாறை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவதாகச் சத்தியம் செய்து வாயில் வைத்தார். துப்பிய துண்டில் நூரிஸ் முத்துக்களை எண்ணிப் பார்த்தாள். நான்கு குறைந்தது. அவை குடலை அடைத்துக்கொள்ளுமோ என்று அன்று சாயங்காலம் வரை அவர் பக்கத்தை விட்டு அவள் நகரவில்லை.

ஒவ்வொரு கவளத்தையும் முப்பது முறை மெல்ல வேண்டும். மெல்லும்போது பேசக் கூடாது. வாய் ஓயாமல் பேசியே பழகிய மனிதருக்கு அது பெரிய தண்டனை. அவர் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு புருவத்தாலேயே வாதாடுவதைப் பார்க்க வேண்டும். அவரோடு சாப்பிட உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு மறுநாள் காலை ஆகாரத்தோடு சேர்ந்துவிடும் என்று மைத்துனர்கள் சொல்வார்கள். சாப்பிட்டு முடித்தபின், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்னும் பஞ்சு போன்ற வெள்ளை மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஐந்து. அது பைக்குள் போவதைக் கெட்டியாக்குமாம். வாடிக்கையாளர் முன்னால் அதைத் தின்னும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வார். மருந்து சாப்பிடுகிறாராம்.

பீட்ரூட் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலை ஜாடி முழுக்கச் சிவப்பாக இருந்தது. லிபோரியோ சத்தம் போடவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்து, நூரிஸைக் கூப்பிட்டு, பெரிய ஸ்க்ரூ டிரைவர் செட் தம்பிக்கு என்றும், காயில் சுற்றும் மெஷின் கார்த்தகேனா மச்சானுக்கு என்றும் அமைதியாகச் சொல்ல ஆரம்பித்தார். நூரிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில்தான், "நேத்து மத்தியானம் சாலட்ல ரெண்டு கரண்டி பீட்ரூட் வாங்கிச் சாப்பிட்டியே, கிழவா," என்றாள். அந்தத் தம்பி இன்றுவரை ஸ்க்ரூ டிரைவர் செட்டை ஞாபகப்படுத்துகிறார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் பொறுக்க மாட்டார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நூரிஸ் தினமும் கலந்து பாட்டிலில் வைப்பாள். "யாரோ அழுத கண்ணீரை எனக்குக் கொடுக்கறே," என்பார். தாகம் எடுத்தால் பச்சைத் தண்ணீரைத்தானே குடிக்க வேண்டும் என்பது அவர் நியாயம். வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தால் அது உடம்பில் தங்காது, உள்ளே இருக்கும் உப்பையும் கூட்டிக்கொண்டு பைக்குப் போய்விடும் என்று நர்ஸ் நான்கு முறை விளக்கியிருக்கிறாள். நான்கு முறையும் தலையாட்டினார். நம்பவில்லை.

போன பிப்ரவரியில் மகள் யூரானிஸுக்குப் பிரசவ நேரம். நூரிஸ் பர்ரான்கீயாவுக்குப் போக வேண்டும். போகும் முன் இரண்டு நாள் சமைத்தாள். டப்பாக்களில் கிழமையின் பெயரை ஒட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கினாள். இரண்டு பாட்டில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி வைத்தாள். தினமும் மத்தியானம் போன் செய்து அளவு கேட்பேன் என்றாள். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை டப்பாவை லிபோரியோ ஒழுங்காகச் சாப்பிட்டார். புதன்கிழமை மின்சாரம் போய்விட்டது. பன்னிரண்டு மணி நேரம் ஊரே வெந்தது. முனைக் கடையில் ஐஸ் போட்ட புளிச்சாறு விற்கிறார்கள். நாக்கில் வைத்தால் பல் கூசும், அவ்வளவு சர்க்கரை. பெரிய டம்ளரில் மூன்று குடித்தார். பிறகு தாகத்துக்கு ஒரு பானைத் தண்ணீரைக் குடித்தார். வியாழக்கிழமை காலையில் கூட்டிப் பார்த்தபோது ஆயிரத்து நூற்று நாற்பது வந்தது.

கதவைத் திறந்து சொன்னார். தெரு ஒரு கணம் அசையாமல் நின்றது. லாட்டரியில் மூன்று இலக்க எண்ணுக்குக் கிடைக்கிற பரிசைவிட நான்கு இலக்கத்துக்குப் பல மடங்கு. அளவில் இதுவரை நான்கு இலக்கம் வந்ததே இல்லை. யதீராவின் மெஷினுக்கு முன்னால் வரிசை நின்றது. அடுத்த தெருக்காரர்களும் வந்தார்கள். கிளியோத்தில்தே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். லிபோரியோவுக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க முடியாது. நாற்பது வருடம் ஊர்க்காரர்களின் விசிறியை ஓடவைத்தவர். ஒருவர்கூட அவர் கையைக் குலுக்கியதில்லை.

மத்தியானம் நூரிஸ் போன் செய்தாள். யூரானிஸுக்கு வலி எடுத்துவிட்டது, மருத்துவமனையில் இருக்கிறோம் என்றாள். அளவு எவ்வளவு என்று கேட்டாள். லிபோரியோ ஒரு கணம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். மகள் தனியாக இருப்பாள். எழுநூற்று எண்பத்து நான்கு என்றார். ரவுண்டாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று கடைசியில் அந்த நான்கைச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பேத்தி பிறந்தாள். அளவு ஆயிரத்து நானூற்று எண்பது. தாளில் இருந்த ஆயிரத்து ஐநூறுக்கு இன்னும் இருபது மில்லி இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டார். அதற்கு மேலே ஆயிரத்து இருநூறு என்றும் ஒரு வரி இருந்ததை அவர் கண்கள் தாண்டிப் போயின. வாய் உலர்ந்தது. தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் அப்படியே பைக்கு வந்தது. மறுபடி குடித்தார். சாப்பாட்டு டப்பா உள்ளே இறங்கவில்லை. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அளவைப் போட்டிருந்தார்கள். நூரிஸிடம் எண்ணூற்று இருபத்தொன்று என்றார்.

சனிக்கிழமை காலையில் கூட்டல் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் சொன்னார். தெருவில் கைதட்டல் எழுந்தது. மத்தியானம் நூரிஸிடம் சொன்னது எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அவள் அந்தப் போனை வைத்துவிட்டு உடனே இன்னொரு போன் செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அவள் செய்துவந்ததுதான், பிரசவ அலைச்சலில் வியாழனும் வெள்ளியும் மட்டும் விட்டுப்போயிருந்தது. சன்னலில் நின்று தெருவைத் திட்டிய அதே நூரிஸ் யாருக்கும் தெரியாமல் யதீராவிடம் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"யதீரா, எனக்கு எண்ணூத்திப் பன்னெண்டு போடு. வழக்கம்போல. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"எண்ணூத்திப் பன்னெண்டா? அது எங்கேருந்து வந்துச்சு, தோன்யா நூரிஸ்? இங்க தெருவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல நிக்குது."

நூரிஸ் வார்டிலிருந்து வராந்தாவுக்கு வந்தாள்.

"நேத்து?"

"ஆயிரத்து நானூத்தி எண்பது."

"அதுக்கு முந்தின நாள்?"

"ஆயிரத்து நூத்தி நாப்பது. நாலு எண்ணு தொடர்ந்து மூணு நாள் வந்ததே இல்ல, ஜனங்க எல்லாம்..." யதீராவுக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. வாக்கியத்தை முடிக்கவில்லை.

"மெஷினை மூடு," என்றாள் நூரிஸ். குரலை உயர்த்தவில்லை. "அவர் வீட்டுக்கு நட. நாக்கை நீட்டச் சொல்லிப் பாரு. காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனாரான்னு கேளு. போனை வெச்சுடாதே, காதுலயே வெச்சுக்க."

யதீரா உள்ளே நுழைந்தபோது லிபோரியோ முக்காலியில் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி இருந்தார். வேலை ஒன்றும் நடக்கவில்லை. விரல்கள் இழுத்துக்கொண்டு அதன் மேல் மடங்கிப்போயிருந்தன. பிரிக்க முடியவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. இருந்தும் அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். நாளைக்கு இரண்டாயிரம் எதிர்பார்க்கலாம் என்றார். நாக்கை நீட்டச் சொன்னாள். அட்டை போலக் காய்ந்து, நடுவில் வெடித்திருந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அதெல்லாம் நீ எதுக்கும்மா கேக்கறே?"

"நான் கேக்கலே. தோன்யா நூரிஸ் கேக்கறாங்க."

லிபோரியோ அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன்."

கண்களை மூடிக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று நூரிஸ் போனிலேயே சொன்னாள். கிளியோத்தில்தே ஓடிவந்து குளிர்பெட்டியைத் திறந்தபோது இரண்டு பாட்டிலும் கழுத்துவரை நிரம்பியபடி, நூரிஸ் மூடி வைத்தது போலவே இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டாள். மூன்று சக்கர வண்டியில் யதீராவும் அவளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவரை நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். வழியெல்லாம் கிளியோத்தில்தே தேக்கரண்டியால் அந்தத் தண்ணீரை அவர் உதட்டில் ஊற்றிக்கொண்டே வந்தாள். ஒரு சொட்டைக்கூட அவர் குறைசொல்லவில்லை. காலையில் கைதட்டியவர்கள் வாசல்களில் நின்று வண்டி போவதைப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், சாயங்காலம் வரை வீட்டில் இருந்திருந்தால் சிறுநீரகம் இரண்டும் நின்றிருக்கும் என்று யதீராவிடம் சொன்னார். யதீரா வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மெஷின் மடியில் கிடந்தது. அன்று என்ன எண் விழுந்தது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு பார்த்தபோது அது தெருவில் யாரும் போட்ட எண்ணாக இல்லை.

பேத்தி பிறந்து முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. நூரிஸ் மகளைச் சம்பந்தியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறி, பொழுது சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். லிபோரியோ விழித்திருந்தார். குழந்தை பிறந்த வீட்டில் நீ இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அது உண்மைதான். கைதட்டல் நன்றாக இருந்தது என்பதும் உண்மை. அதை அவர் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு கேட்டார்:

"நீ எண்ணூத்திப் பன்னெண்டு போடச் சொன்னியாமே. எத்தனை நாளா விளையாடறே?"

"ரெண்டு வருஷமா," என்றாள் நூரிஸ்.

அவள் போர்வையை மறுபடி சரிசெய்தாள்.

நான்கு நாள் கழித்து வீடு திரும்பினார். இப்போதும் காலையில் அளவு அறிவிக்கப்படுகிறது. ஆனால் யதீரா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து வருகிற எண் மூன்று இலக்கத்தைத் தாண்டினால் மெஷினைத் திறக்க மாட்டாள். "நாலு எண்ணு வேணும்னா வேற குடலைப் பாருங்க," என்று அடுத்த தெருக்காரர் ஒருவரைத் துரத்தியதாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் ஆயிரத்து அறுபது வந்தபோது, அவர் கதவைச் சாத்துவதற்குள் வாழைக்காய்ச் சீப்பு இரண்டும், சோற்றுக் கஞ்சி ஒரு சட்டியும், மார்ஷ்மெல்லோ பொட்டலம் மூன்றும் முன்னறைக்கு வந்துவிட்டன. கிளியோத்தில்தே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பாட்டிலைக் காலி செய்யும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் என்று அவர் முகம் சுளித்தபோது, யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எட்டு நாள் நூரிஸ் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைப்பாள், மெல்வதை எண்ணுவாள், அளவை ஜாடியில் தானே பார்த்துக் காலண்டரில் எழுதுவாள். மருத்துவமனையில் நர்ஸ் அவளுக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தாள். கையின் பின்புறத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். உடனே படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. கூடாரம் போல நின்றால் இல்லை. நூரிஸ் ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போல அவர் கையைப் பிடுங்கிக் கிள்ளிவிட்டுப் போவாள். வாடிக்கையாளர் முன்னால் அது வேண்டாம் என்று அவர் கையை இழுத்துக்கொள்வார். அவள் மறுபடி பிடுங்குவாள். ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்பதாம் நாள் முற்பகல். முன்னறையில் இரண்டு பேர் விசிறிக்காகக் காத்திருந்தார்கள். லிபோரியோ ஒரு மோட்டாரைப் பிரித்து, காயில் கம்பியின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். புழக்கடையில் துணி அலசிவிட்டு நூரிஸ் ஈரக் கையோடு அந்த வழியாக வந்தாள். அன்று அவள் நிற்கப் போவதாகத் தெரியவில்லை. வாசலைப் பார்த்துத்தான் நடந்தாள். லிபோரியோ தலையைத் தூக்கவில்லை. வலக்கை மோட்டாரில் இருந்தது. இடக்கையை மட்டும், புறங்கை மேலே தெரிய, அவள் வருகிற பக்கமாக நீட்டினார். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

நூரிஸ் நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கிள்ளினாள், தேவைக்குக் கொஞ்சம் அழுத்தியே.